அமெரிக்காவில் தேடிய பெயர்

செரீனாவின் மகள் நதீஷாவுக்குப் பதினொரு வயது. அந்த வருடக் கோடை விடுமுறைக்கு அவளை அன்ரனெற் கூப்பிட்டிருந்தாள். அன்ரனெற், செரீனாவின் கணவன் மரியோவின் தங்கை. ஒன்ராறியோ ஏரியின் மற்றக் கரையில், நியூயோர்க் மாநிலத்து கவுண்டி என்று சொல்லும் ஒரு நாட்டுப்புற மாவட்டத்தில் புருசன் அன்ட்ரூவோடும் பிள்ளைகளோடும் இருந்தாள். வீட்டுக்குப் பின்னால் சோளக் காணி, பக்கத்து வளவில் இரண்டு குதிரைகள். குதிரைகளின் படம் வந்த நாளிலிருந்து நதீஷா சாப்பாட்டு மேசையில் வேறு கதை கதைக்கவில்லை.

செரீனா ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. ஏரியின் கனடாப் பக்கத்தில், அஜக்ஸில் ஒரு பல் கிளினிக்கில் வரவேற்பு மேசை அவளுடையது. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் காருக்குள் இருந்துகொண்டு போனில் தேடத் தொடங்கினாள். பாலியல் குற்றம் செய்து தண்டனை பெற்றவர்களின் பட்டியல் கனடாவிலும் இருக்கிறது. ஆனால் அதைப் பொலிஸ் மட்டும்தான் பார்க்கலாம். அமெரிக்காவில் அப்படியில்லை. ஊரின் பெயரைப் போட்டால் படம், வயது, தெரு எல்லாம் யாருக்கும் வந்துவிடும்.

அன்ரனெற்றின் கவுண்டியைப் போட்டாள். வந்ததெல்லாம் சாதாரண முகங்கள். ஒருவன் தொப்பி போட்ட கிழவன். ஒருவனுக்கு முகப்பரு இன்னும் மாறவில்லை. இன்னொருவன், கிளினிக்குக்கு வரும் பள்ளிக்கூட ஆசிரியரைப் போலவே இருந்தான். அவனுடைய முகவரியைப் பார்த்ததும் சாப்பாட்டுப் பெட்டியை மூடிவிட்டு அன்ரனெற்றுக்குப் போன் எடுத்தாள்.

"மச்சாள், உங்கட ரோட்டிலயே ஒருத்தன் இருக்கிறான், தெரியுமோ?"

"ஓம், தெரியும். வீடு வாங்கேக்கையே அன்ட்ரூ பாத்தவர். ரோட்டின்ர அந்தக் கடைசித் தொங்கலில ஒரு ட்ரெயிலர் வீட்டுக்குள்ள இருக்கிறான். பிள்ளையளை அந்தப் பக்கம் விடுறேல்ல. இஞ்ச எல்லாருக்கும் அவனைத் தெரியும், மச்சாள். தெரிஞ்சபடியால்தான் எங்களுக்குப் பயம் குறைவு."

போனை வைத்த பிறகும் அந்தக் கடைசிச் சொல் செரீனாவை விடவில்லை. அடுத்த நாள் பக்கத்துக் கவுண்டிகளைத் தேடினாள். பிறகு மாநிலம் முழுவதையும். பிறகு ஊரை விட்டுவிட்டு, ஒரு பெயரைப் போட்டு அமெரிக்கா முழுவதும் தேடினாள்.

அதை மரியோ கண்டது ஒரு சனிக்கிழமை காலை. செரீனா சமையலறைத் தொட்டியில் லீக்ஸ் கழுவிக்கொண்டு நின்றாள். டேப்லெட் மேசையில் திறந்தபடி கிடந்தது. முன்பு தேடியவை வரிசையாக நின்றன. எல்லாம் ஒரே பெயர்தான்: ஒன்றில் ஒரு எழுத்துக் கூட, ஒன்றில் குறைய, ஒன்றில் தகப்பன் பெயர் முன்னுக்கு, ஒன்றில் பின்னுக்கு. ஒரு தமிழ்ப் பெயரை வெள்ளைக்காரன் எத்தனை விதமாக எழுதக் கூடுமோ அத்தனை விதமாகவும் தேடியிருந்தாள்.

"ஆரப்பா உந்த அருள்நாயகம்?" என்று மரியோ கேட்டான்.

செரீனா பைப்பைப் பூட்டினாள். கையைத் துடைக்காமலே கதிரையில் இருந்தாள். நதீஷா நீச்சல் வகுப்புக்குப் போயிருந்தாள். வீட்டில் வேறு ஒருவரும் இல்லை.

"நாங்கள் முதல் இருந்த பார்க்டேல் அப்பார்ட்மெண்டில ஒரு ரூமுக்கு வாடகைக்கு இருந்தவன். அருள் அங்கிள் எண்டு கூப்பிடுவன். அம்மா ஃபாக்டரிக்குப் போவா, அப்பா ரெஸ்ரோறண்டுக்குப் போவார். அவன்தான் என்னைப் பாத்துக்கொள்ளுறது." ஈரக் கையை மேசையில் வைத்தாள். "எனக்கு ஒன்பது வயசு, மரியோ."

மரியோவுக்கு விளங்கிவிட்டது. அவளுக்குப் பக்கத்துக் கதிரையை இழுத்துப் போட்டு இருந்தான்.

"அது அதிக காலம் நடக்கேல்ல. பள்ளிக்கூட வருசம் முடியமுன்னமே அம்மா திடீரெண்டு ஸ்காபரோவுக்கு வீடு மாத்திப்போட்டா. அருள் அங்கிள் எங்க எண்டு கேட்டன். அமெரிக்கா போட்டார் எண்டு சொன்னவ."

"அதுதான் தேடினீரோ?"

"அவன்ர பேர் இருக்கோணும் எண்டு கும்பிட்டுக் கும்பிட்டுத் தேடினன். இருந்தா, வேற ஆரோ ஒரு பிள்ளை சொல்லியிருக்கு எண்டு அர்த்தம். பிறகு நான் சொல்லத் தேவையில்லை."

"இல்லையோ?"

"ஒரு எழுத்திலயும் இல்லை."

பதின்மூன்று வருடம் ஒன்றாக வாழ்ந்த பெண் மரியோவுக்கு முன்னால் அழாமல் இருந்தாள். அழுதது அவன்தான். "மாமிக்குத் தெரியுமோ?" என்று கடைசியில் கேட்டான். செரீனா தலையை ஆட்டினாள், அம்மாவுக்குத் தெரியாது என்று.

அடுத்த நாள் பூசை முடிந்து ஸ்காபரோவுக்குப் போனாள். தாய் மரியம்மா, புருசன் செத்த பிறகு முதியோர் கட்டடம் ஒன்றில் தனியாக இருந்தாள். மரியோ காருக்குள் இருந்துகொண்டான். செரீனா சுற்றி வளைக்கவில்லை. நடந்ததைச் சொன்னாள். பட்டியலில் தேடியதையும் சொன்னாள்.

மரியம்மா ரீவியை நிற்பாட்டினாள்.

"அவன் அமெரிக்கா போகேல்ல, பிள்ளை."

"என்ன?"

"நான்தான் அப்பிடிச் சொன்னனான். புது வீட்டுக்கு வந்தும் நீ எழும்பி எழும்பிக் கதவு பூட்டியிருக்கோ எண்டு பாப்பாய். அமெரிக்கா போட்டான் எண்டு சொன்ன பிறகுதான் நித்திரை கொண்டாய்."

"அப்ப உங்களுக்குத் தெரியும்."

"நான் வேலையால வரேக்க நீ பாத்ரூமுக்குள்ள பூட்டிக்கொண்டு இருப்பாய். என்ர குரல் கேட்டாத்தான் திறப்பாய். ரெண்டு தரம் கண்டன். மூண்டாம் தரம் வீடு தேடத் தொடங்கினன்." மரியம்மாவின் கைகள் சேலைத் தலைப்பை முறுக்கின. "உன்னட்டக் கேக்க எனக்குத் துணிவு வரேல்ல. கேட்டா நீ சொல்லிப்போடுவாய். உன்ர அப்பா அறிஞ்சா அவனை வெட்டிப்போட்டு ஜெயிலுக்குப் போவார். எங்கட அகதிக் கேஸ் அப்ப முடியேல்ல, கையில பேப்பர் இல்லை. வீட்டை மாத்தினாப் போதும் எண்டு நினைச்சன்."

செரீனா எழும்பி வெளியே போனாள். கொரிடோரின் முடிவில் இருந்த ஜன்னலடியில் நின்றாள். கீழே மரியோவின் கார் தெரிந்தது. இறங்கிப் போய் அதில் ஏறிவிடலாம். தாயின் வீட்டுக்கு இனிமேல் வராமலும் விடலாம். கொஞ்ச நேரத்தில் திரும்பி உள்ளே வந்தாள்.

"வீடு மாத்தினது எனக்காகத்தான் எண்டு ஒருக்காச் சொல்லியிருக்கலாம், அம்மா. இவ்வளவு காலமும் ஒருத்தருக்கும் தெரியாது எண்டு நினைச்சுக்கொண்டு இருந்தன்."

"அவன் இஞ்சதான், யூனியன்வில்லில மகளோட இருக்கிறான்," என்றாள் மரியம்மா. "போன வருசம் ஒரு செத்த வீட்டில கண்டனான். பேத்தியை மடியில வச்சுக்கொண்டு இருந்தவன். அண்டைக்குத் தொடக்கம் எனக்குச் சாப்பாடு இறங்கிறேல்ல. நீ பொலிசுக்குப் போறதெண்டா நானும் வாறன்."

அந்த வாரமே போனார்கள். வழக்கை எடுத்த பொலிஸ்காரி செரீனாவின் வயதுக்காரி. எவ்வளவு காலம் கழிந்தாலும் இப்படியான முறைப்பாட்டை ஏற்பார்கள் என்றாள். என்ன முடிவு வரும் என்று தன்னால் வாக்குத் தர முடியாது என்றும் ஒளிக்காமல் சொன்னாள். செரீனா எல்லாவற்றையும் சொல்லி முடித்து வெளியே வந்தாள்.

பிறகு மரியம்மாவைக் கூப்பிட்டார்கள். தமிழ் மொழிபெயர்ப்பாளரைப் போனில் எடுக்கவா என்று கேட்டார்கள். "நோ. தமிழ் பீப்பிள் நோ. ஐ டோக்," என்றாள் மரியம்மா. பிஸ்கற் ஃபாக்டரியில் இருபது வருடம் சுப்பவைசர்மாரோடு பேசிப் பழகிய ஆங்கிலம் அது. உள்ளே போனவள் சொல்லி முடித்துத் திரும்பி வந்தாள்.

"பாத்ரூம் கதவைச் சொன்னன். நிறம்கூடக் கேட்டவ. பச்சை எண்டன்," என்றாள். செரீனாவுக்கும் அது பச்சை என்றே நினைவு. தாயின் கையைப் பிடித்து வாசல்வரை கூட்டிக்கொண்டு போனாள். தாயை மன்னித்தாளா என்று அந்த நேரத்தில் கேட்டிருந்தால் அவளுக்குத் தெரியாது. கையை மட்டும் விடவில்லை.

ஜூலை மாதம் அருள்நாயகத்தைப் பிடித்தார்கள். பொலிஸ் அவனுடைய படத்தையும் பெயரையும் செய்தியில் போட்டது. தேவாலயத்து வாசலில் ஒரு பெண், கிழவனை இந்த வயதில் போட்டு அலைக்கழிக்க வேண்டுமா என்று செரீனாவின் காதுபடச் சொன்னாள். முறைப்பாடு கொடுத்தது செரீனாதான் என்று அவளுக்குத் தெரியாது. அதே வாரம் பொலிஸ்காரி போன் எடுத்தாள். படத்தைப் பார்த்துவிட்டு வேறொரு பெண் பேசியிருக்கிறாள் என்றும், அவளும் அந்தக் காலத்தில் பார்க்டேலில் இருந்தவள் என்றும் சொன்னாள். பெயரைச் சொல்லவில்லை. செரீனாவும் கேட்கவில்லை. அன்று கிளினிக்கில் அரைநாள் லீவு எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து நன்றாக அழுதாள்.

வழக்கு இன்னும் தொடங்கவில்லை. ஆகஸ்டில் நதீஷாவை அன்ரனெற்றிடம் கொண்டுபோய் விட செரீனாவே காரோட்டினாள். எல்லைப் பாலத்தைக் கடந்து, சோளக் காணிகள் தொடங்கிய இடத்தில், மகளுக்கு விளங்கும் சொற்களில் நடந்ததைச் சொன்னாள். வேறு யாரும் சொல்லிக் கேட்பதைவிடத் தான் சொல்வது நல்லது என்று மரியோவும் அவளும் பேசி முடிவெடுத்திருந்தார்கள். அன்ரனெற் மாமியின் ரோட்டில் எந்தப் பக்கம் போகக் கூடாது என்பதையும் சொன்னாள்.

நதீஷா தாயின் பக்கம் திரும்பினாள்.

"ஆர் யூ மாட்? அம்மம்மாவோட கோபமோ?"

"ஓம். கொஞ்சம் கோபம்தான். பாவமாயும் இருக்கு."

"எனக்கு ஏதும் நடந்தா நான் சொல்லுவன், அம்மா. பட் சில நேரம் எனக்குச் சொல்லக் கஷ்டமா இருக்கும். தென் யூ ஹாவ் டு ஆஸ்க் மி, ஓகே?"

"கேப்பன்," என்றாள் செரீனா. "நீ எரிச்சல்பட்டாலும் கேப்பன்."

அன்ரனெற்றின் வீட்டு வாசலில் காரை நிற்பாட்டியதும் நதீஷா செருப்பைக்கூடச் சரியாகப் போடாமல் குதிரைகள் நின்ற வேலிப்பக்கம் ஓடினாள்.