றோலண்ட் போட்ட மெட்டு

அட்டனிலிருந்து கினிகத்தேனை போகும் பஸ்ஸில் மிலான் ஏறியபோது, அவனுடைய குரல் அவனுக்கு முன்பே ஏறி உட்கார்ந்திருந்தது. டிரைவர் தலைக்கு மேலிருந்த ஸ்பீக்கரில் 'குறுக்கால வந்தா கொட்டகல கிட்ட, ரோட்டால போனா ரொம்பத் தூரம்' என்று அவன்தான் பாடிக்கொண்டிருந்தான். முன்சீட்டில் ஒரு தாய் பிள்ளையை மடியில் போட்டு அந்தத் தாளத்துக்கே தட்டிக்கொடுத்தாள். ஒரு பாட்டுக்காரனுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? மிலானோ திருட்டு முழி முழித்துக்கொண்டு ஜன்னலோரம் போய் ஒடுங்கினான்.

நடத்துனர் விடவில்லை.

"அண்ணே, ஏழாம் நம்பர் பேண்ட் மிலான் அண்ணன்தானே நீங்க? காச உள்ள வைங்க, ஒங்கக்கிட்ட நான் வாங்குவனா" என்று பக்கத்திலேயே நின்றுகொண்டான். "புது அல்பம் பிச்சிக்கிட்டுப் போகுது. பழைய பாட்ட ஒருக்கா போட்டேன், டிரைவர் அண்ணன் ஸ்பீக்கர் பழுதுன்னு நெனச்சு தட்டித் தட்டிப் பாத்தாரு." பிறகு குரலைத் தாழ்த்தினான். "தப்பா நெனக்காதீங்க. அந்த எறந்துபோன அண்ணன்தானே அப்பிடிக் கொழப்பி வச்சிருந்தாரு? ரேடியோவுல கேட்டேன். அவரு இல்லாமப் போனப்பொறகுதான் பாட்டு பாட்டா இருக்கு."

மிலான் வாயைத் திறந்தான். பின்னால் யாரோ இறங்க மணி அடித்தார்கள், நடத்துனர் போய்விட்டான். மிலான் திறந்த வாயை மூடிக்கொண்டான். இந்த ஒரு விஷயத்தில் வாயை மூடுவது அவனுக்கு நன்றாகப் பழகிப்போயிருந்தது.

ஏனென்றால் நடந்தது நேர்மாறு. பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்களே, அதேதான்.

ஏழாம் நம்பர் என்பது வட்டவளைப் பக்கம் றோலண்ட் பிறந்த தோட்டத்திலுள்ள ஒரு தேயிலை மலையின் பெயர். அதை பேண்டுக்கு வைத்தவனும் றோலண்ட்தான். பேஸ் கிட்டார் அவனுடையது. பாட்டும் மற்ற கிட்டாரும் மிலான். கொட்டகலையில் டீச்சராக இருக்கும் யூஜினா கீபோர்ட். டிரம்ஸ் அம்ஹர். அட்டன் டவுனில் அம்ஹரின் வாப்பா நடத்தும் ஹார்ட்வெயார் கடையின் மேல்மாடியில், பெயின்ட் வாளிகளுக்கு நடுவில்தான் பயிற்சி. றோலண்டுக்குக் கொழும்பில் துணிக்கடை வேலை. லீவு நாளில் பஸ் ஏறி வருவான், வரும்போது வழியில் முணுமுணுத்துச் சேர்த்த ஒரு மெட்டையும் கொண்டுவருவான். கேட்டவுடன் நாக்கில் ஒட்டிக்கொள்ளும் மெட்டு. அதை வாங்கி, தாளத்தை ஏழாக உடைத்து, வரியை நடுவில் வெட்டி, பத்து நிமிஷத்துக்கு இழுத்து, யாருக்கும் புரியாமல் ஆக்குவது மிலானின் வேலை. புரியாமல் இருந்தால்தான் உசத்தி என்று அப்போது அவன் நம்பினான். படித்த திமிர் கொஞ்சம், பயம் மிச்சம்.

"இத இப்பிடியே நேரா வாசிப்போம்டா" என்று றோலண்ட் கெஞ்சுவான். "ஒரு நாளைக்கு இந்தப் பாட்டு அட்டன் பஸ்ஸுல போகணும். எங்கம்மா கேட்டுட்டு, இது எம் மகன் போட்டதுன்னு பக்கத்து சீட்டுக்காரங்கக்கிட்ட சொல்லணும்."

"ஜன்னலுக்கு வெளிய தலைய நீட்டி வாந்தி எடுக்கிறவங்களுக்கு இல்ல நம்ம பாட்டு" என்றான் மிலான்.

எல்லாரும் சிரித்தார்கள். றோலண்டும் சிரித்தான். சிரித்துவிட்டு, கிட்டாரைத் துடைப்பதுபோல் வெகுநேரம் குனிந்தே இருந்தான். அந்தக் குனிந்த தலைதான் இப்போது மிலானை விடாமல் துரத்துகிறது.

போன வருஷம் கொழும்பிலிருந்து டெங்குவோடு வந்த றோலண்ட் திரும்பிப் போகவில்லை. அடக்கம் முடிந்து மறுபடி மேல்மாடியில் கூடினார்கள். அம்ஹர் 'குறுக்கால வந்தா'வை றோலண்ட் முதல்முதல் கொண்டுவந்த மாதிரியே, நாலு தட்டாக, நேராக அடிக்கத் தொடங்கினான். மிலான் அழுதுகொண்டே பாடினான். அப்படித்தான் புது அல்பம் பிறந்தது. ஒன்பது பாட்டு, ஒன்பதும் றோலண்டின் மெட்டு. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்.

அத்தோடு நின்றிருந்தாலும் பரவாயில்லை. அல்பத்தில் 'இசை: ஏழாம் நம்பர்' என்று பொதுவாகப் போட்டு, கீழே சின்னதாக 'றோலண்டின் நினைவாக' என்று சேர்த்தான் மிலான். நினைவாக என்று போட்டால் எல்லாம் அடங்கிவிடும் என்று நினைத்தான். பாட்டு பிடித்துக்கொண்டது, ரேடியோவில் கூப்பிட்டார்கள். "றோலண்டின் பாணி கொஞ்சம் கடினம், அப்படித்தானே? இப்போது எளிமையாகிவிட்டீர்கள்" என்று அறிவிப்பாளர் சிரித்தபடி கேட்டார். "அவன் ஒரு தனி ரகம்" என்றான் மிலான். பாராட்டு மாதிரிதான் இருந்தது. வெளியே வந்ததும் அம்ஹர் பிடித்துக்கொண்டான்.

"வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருந்த? சொல்லியிருக்கணும்டா."

"அடுத்த தடவ சொல்றேன்."

அடுத்த தடவையும் சொல்லவில்லை. பாராட்டு இனித்தது. உண்மை அதுதான்.

இன்று றோலண்டின் வருஷப் பூசை. மிலான் வட்டவளையில் இறங்கி மாதா கோயிலுக்குப் போனான். பூசை முடிந்து, றோலண்டின் அம்மா சிசிலி எல்லாரையும் தோட்டத்து லயத்திலிருந்த வீட்டுக்குக் கூட்டிப்போனார். அம்ஹரும் சாப்பிட வேண்டுமென்று மஃறூப் கடையில் ஹலால் கோழி வாங்கிச் சமைத்திருந்தார். சாப்பிட்டு முடித்து அம்ஹரும் யூஜினாவும் கை கழுவ வெளியே போனதும், சிசிலி மிலானுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"தம்பி, ஒன்னு கேக்கணும். அவன் ஒங்களுக்கு ரொம்ப எடைஞ்சலா இருந்துட்டானா?"

மிலானுக்கு முதலில் விளங்கவில்லை.

"கொழுந்து மலையில எல்லாரும் போன்ல ஒங்க பாட்டத்தான் கேக்குறாங்க. ஒம் மகன் இருந்தப்ப இப்பிடிப் பாடலையே, அவன்தான் கெடுத்தானாமேன்னு கேக்குறாங்க. கொழந்தையிலயே கொஞ்சம் புடிவாதக்காரன்தான். மனசுல வச்சுக்காதீங்க தம்பி. அவனுக்காக நான் மன்னிப்புக் கேட்டுக்கிறேன்."

மிலான் தட்டைத் தள்ளி வைத்தான். கையைக் கூடக் கழுவாமல் அந்த அம்மாளின் முன்னால் தரையில் இறங்கி உட்கார்ந்து, எல்லாவற்றையும் சொன்னான். மெட்டு யாருடையது, உடைத்தது யார், பஸ் என்று றோலண்ட் ஆசைப்பட்டது, வாந்தி என்று தான் சொன்னது, ரேடியோவில் சொல்லாமல் விட்டது. ஒன்றையும் மறைக்கவில்லை.

சிசிலி திட்டவில்லை, அழவும் இல்லை.

"எனக்கு மொதல்லயே ஒரு மாதிரியா இருந்துச்சு" என்றார் மெல்ல. "இத எங்கயோ கேட்டிருக்கேனேன்னு. லீவுல வந்தா வெறகு பொளக்கிறப்ப முனகுவான். அப்பறம் ரேடியோவுல சொன்னாங்க. அவங்க சொன்னா சரியாத்தானே இருக்கும்னு விட்டுட்டேன்." பிறகு கேட்டார். "அவன் இருக்கிறப்ப ஒரே ஒரு தடவ இப்பிடி வாசிச்சிருக்கலாமே தம்பி?"

மிலான் குனிந்தே இருந்தான்.

"இனிமே சொல்லுவீங்களா?"

"எல்லார்க்கிட்டயும் சொல்றேன்மா."

அம்ஹரும் யூஜினாவும் அம்மாவுக்குத் துணையாக அங்கேயே தங்கினார்கள். மிலானால் அந்த வீட்டில் உட்கார முடியவில்லை. ரோட்டுக்கு வந்து கை காட்டினான். காலையில் வந்த அதே பஸ், அதே நடத்துனர். ஸ்பீக்கரிலும் அதே பாட்டு. நல்லதாகப் போயிற்று, இங்கேயே தொடங்கலாம் என்று மிலான் நினைத்தான். மனது பல நாளைக்குப் பிறகு கொஞ்சம் லேசானது.

"தம்பி, காலையில நீங்க சொன்னது சரியில்ல. இந்த மெட்டு றோலண்ட் போட்டது. ஒம்போதும் அவன் போட்டது. பழைய பாட்டக் கொழப்பி வச்சது நான்."

நடத்துனர் அவனையே பார்த்தான். பிறகு முகமெல்லாம் மலர்ந்து, பஸ்ஸுக்கே கேட்கும்படி சொன்னான்.

"பாத்தீங்களா? செத்துப்போன கூட்டாளிய ஒரு சொல் விட்டுக்குடுக்கிறாரா? இவ்ளோ பேரு எடுத்தும் எல்லாம் அவரு செஞ்சதுங்கிறாரு."

"இல்ல தம்பி, நெசமாத்தான் சொல்றேன்."

"வெளங்குதுண்ணே, வெளங்குது. ஒங்களுக்குப் பெரிய மனசு."

பக்கத்து சீட்டிலிருந்த பெரியவர் மிலானின் தோளைத் தட்டிக்கொடுத்தார். டிரைவர் பாட்டின் சத்தத்தை இன்னும் கூட்டினார். மிலான் டிக்கட் காசை நீட்டிக்கொண்டே இருந்தான். நடத்துனர் கடைசிவரை வாங்கவில்லை.