குளவிக்குப் பதினாலு, யானைக்கு ரெண்டு

சாலைப் பராமரிப்பு அலுவலகத்தின் பட்டறையில் அவளை எல்லோரும் அண்ணி என்றுதான் கூப்பிடுவார்கள். உண்மையில் அவள் ஒருவனுக்கு மட்டும்தான் அண்ணி. மரம் வெட்டும் குழுவில் இருந்த நெட்டை, அவள் கணவனின் தம்பி. வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே பட்டறை வாசலில் நின்று, "அண்ணி, செயின் அறுந்துபோச்சு!" என்று கத்தினான். அடுத்த வாரத்துக்குள், ஓய்வு பெற ஆறு மாதமே பாக்கியிருந்த ஜீப் டிரைவர்கூட அவளுக்குக் கொழுந்தனாகிவிட்டார்.

மோட்டார் ரம்பங்களைப் பழுது பார்ப்பது அவள் வேலை. அந்த வருடம் அலுவலகத்துக்குப் பன்னிரண்டு புது ரம்பங்கள் வாங்குவதாக இருந்தது. மூன்று கம்பெனிகள் ஆளுக்கொன்றைச் சோதனைக்கு அனுப்பின. மூன்றாவது, இரண்டாம் மாதமே எண்ணெய் ஒழுகத் தொடங்கி வந்த வழியே போனது. மிச்சம் இரண்டு. ஒன்று கைக்கு அடக்கமாக, காதைக் கிழிக்கிற மாதிரி கத்தும். அதற்குக் குளவி என்று பேர் வைத்தார்கள். இன்னொன்று கனத்த கறுப்பு உருப்படி. யானை.

எது நம்பகமானது என்று ஆறு மாதம் பார்த்துச் சொல்ல வேண்டியது அண்ணியின் பொறுப்பு. சுவரில் ஒரு அட்டையை ஒட்டினாள். ரம்பம் பழுதென்று மேஜைக்கு வரும்போதெல்லாம் தேதியும் கோளாறும் எழுதினாள். ஆறு மாத முடிவில் குளவிக்குப் பதினாலு, யானைக்கு இரண்டு. யானையை வாங்கலாம் என்று இரண்டு பக்க அறிக்கை எழுதிக் கையெழுத்துப் போட்டு, ஒரு வியாழக்கிழமை மதியம் பொறியாளரிடம் கொடுத்தாள்.

"இதுல பேசறதுக்கே ஒண்ணும் இல்லையேம்மா" என்றார் அவர், எண்களைப் பார்த்துவிட்டு.

அவளுக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

மூன்று மணிக்கு மழை பிடித்தது. மூன்றே முக்காலுக்குத் தொலைபேசி அடித்தது. மலைச்சாலையில் ஒரு பெரிய மரம் வேரோடு சாய்ந்து ரொட்டி வேன் மேல் விழுந்திருக்கிறது. ஓட்டி வந்த பெண் உள்ளே சிக்கியிருக்கிறாள், உயிரோடு. தீயணைப்புக்காரர்கள் அங்கே போய்ச் சேர்ந்துவிட்டார்கள், ஆனால் அவர்களிடம் இருக்கிற ரம்பம் அந்தப் பருமனுக்கு எட்டாது.

நெட்டை பட்டறைக்குள் ஓடி வந்தான். குளவி மேஜை மேல் திறந்து கிடந்தது. ரம்பத்தைக் கிளப்ப இழுக்கும் கயிற்றைத் திரும்ப உள்ளிழுக்கும் ஸ்பிரிங் காலையில்தான் உடைந்திருந்தது.

"அண்ணி, இதை அஞ்சு நிமிஷத்துல போட்டுக் குடுத்துடுவீங்களா?"

"யானையை எடு."

"இல்ல அண்ணி, எனக்கு இதுதான் கை பழக்கம்..."

"உள்ள ஒரு உசுரு மாட்டிக்கிட்டு இருக்கு. இப்பப் போய்ப் பிடிச்ச மெஷின், பிடிக்காத மெஷின்னு நிக்கறே. பதினாலு தடவை படுத்துச்சு அது. இது ரெண்டே தடவை. எடுடா!"

அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். சொல்லவில்லை. யானையைத் தோளில் தூக்கிக்கொண்டு ஜீப்புக்கு ஓடினான். அவளும் பின்னாலேயே ஏறினாள். கருவிப் பெட்டியோடு, பிரித்துப் போட்ட குளவியையும் ஒரு சாக்கில் சுருட்டி எடுத்துக்கொண்டாள். பாதி வேலையை மேஜையில் விட்டுப் போவது அவளுக்குப் பிடிக்காது; அவ்வளவுதான்.

மேட்டுப் பக்கமிருந்து விழுந்த மரம் சாலையைக் குறுக்கே அடைத்திருந்தது. நடுத்தண்டு வேனின் கூரையை அமுக்கியிருந்தது. கிளைகளும் தழையும் சாலை விளிம்பைத் தாண்டிப் பள்ளத்தின் மேல் தொங்கின. அந்தப் பாரம் காற்றடிக்கும் போதெல்லாம் வேனையும் சேர்த்து இழுத்தது. தீயணைப்பு அதிகாரி கம்பி வடத்தால் வேனைத் தன் லாரியோடு பிணைத்து வைத்திருந்தார். வடம் விறைத்து நின்றது.

"டீசல் ஒழுகலை, பாத்துட்டேன்" என்றார் அவர். "தொங்கற பாரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக் குறைக்கணும். ஒரேயடியா அறுத்தா வேன் துள்ளும், அந்தம்மா கால் போயிடும். ஒவ்வொரு துண்டு விழுந்ததும் நான் கை தூக்குவேன். உடனே மெஷினை அணைச்சுடுங்க. தகரம் முனகுதான்னு காது குடுத்துக் கேக்கணும். நான் சொன்னப்புறம் அடுத்த துண்டு."

நொறுங்கிய கண்ணாடிக்குப் பின்னால் அந்தப் பெண்ணின் முகம் தெரிந்தது. நாற்பது வயதிருக்கும். ஸ்டியரிங் அவள் தொடையை இருக்கையோடு அழுத்திப் பிடித்திருந்தது.

"யாராவது பேசிக்கிட்டே இருங்களேன்" என்றாள். "சத்தம் நின்னா பயமா இருக்கு."

நெட்டை இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு தண்டின் மேல் ஏறினான். யானை முதல் இழுப்பிலேயே கிளம்பியது. அண்ணிக்கு நெஞ்சு நிறைந்தது. முதல் துண்டு பள்ளத்தில் விழுந்தது. கை உயர்ந்தது, ரம்பம் அணைந்தது, எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டார்கள். மழைச் சத்தம் மட்டும். இரண்டாவது துண்டு. மூன்றாவது, ஆள் இடுப்பளவு கிளை. அறுத்து முடிக்கக் கால் மணி நேரம் பிடித்தது. அது விழுந்தபோது வேன் ஒரு உலுக்கு உலுக்கியது. உள்ளேயிருந்து அலறல்.

கை உயர்ந்தது. யானை அணைந்தது. தகரம் நீளமாக ஒரு முறை முனகி நின்றது.

"சரி, அறு. சீக்கிரம்!" என்றார் அதிகாரி.

நெட்டை ரம்பத்தின் கயிற்றை இழுத்தான். யானை இருமியது. மறுபடி இழுத்தான். மூன்று, நான்கு, ஏழு. பெட்ரோல் வாசனை வந்ததே தவிர, அது கிளம்பவில்லை.

"என்னடா?"

"சூடாயிடுச்சு அண்ணி. சூடானா இது இப்படித்தான் மல்லுக்கட்டும். ஆறினாத்தான் எடுக்கும்."

அவளுக்குப் புரிந்துவிட்டது. சூட்டில் பெட்ரோல் ஆவியாகி, கார்புரேட்டருக்குள் காற்றடைத்துக்கொண்டிருக்கிறது. ஆனால் இப்படி ஒரு கோளாறு அவள் அட்டையில் இல்லவே இல்லை.

"இதை ஏன்டா என்கிட்ட ஒருத்தனும் சொல்லலை?"

"இதை யாரு அண்ணி ஓட்டினா? கனம்னு எவனும் தொடமாட்டான். பத்து நிமிஷம் பேருக்கு ஓட்டுவோம், சூடாகி அடம் பிடிச்சா ஷெட்டுல சாத்திட்டு, குளவியைத்தானே எடுத்துட்டுப் போவோம்!"

அவளுக்குச் சுவரில் ஒட்டிய அட்டை நினைவுக்கு வந்தது. பதினாலும் இரண்டும். தினமும் எட்டு மணி நேரம் எல்லோர் கையிலும் அடிபட்ட ரம்பம் பதினாலு தடவை வந்தது. மூலையில் சும்மா கிடந்தது இரண்டு தடவை வந்தது. எத்தனை மணி நேரம் ஓடியது என்று அவள் ஒரு நாளும் கேட்கவில்லை.

"தண்ணி ஊத்திப் பாக்கலாமா?" என்றான் ஒரு தீயணைப்பு வீரன்.

"வேண்டாம். சிலிண்டர் விரிசல் விட்டுடும்" என்றாள் அண்ணி.

"எவ்ளோ நேரம் ஆகும் ஆற?" அதிகாரி கேட்டார்.

"இருபது நிமிஷம்."

"அவ்ளோ நேரம் வடம் தாங்கும்னு என்னால சொல்ல முடியாதும்மா."

அவள் ஜீப்புக்கு ஓடிச் சாக்கை உதறினாள். குளவியின் பாகங்கள் பானெட் மேல் விழுந்தன. டிரைவர் தன் மழைக்கோட்டைக் கழற்றி அவள் தலைக்கு மேல் கூரையாகப் பிடித்தார். பெட்டியில் ஒரே ஒரு புது ஸ்பிரிங் இருந்தது, கம்பி வளையத்தால் சுருட்டிக் கட்டியது. பழைய துண்டைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, புதியதை மூடிக்குள் வைத்து வளையத்தை உருவினாள். விரல்கள் விறைத்திருந்தன. ஸ்பிரிங் உயிர் வந்தது போலத் துள்ளி வெளியே பாய்ந்து, நீளமாக அவிழ்ந்து சேற்றில் விழுந்தது.

"ஐயோ" என்றார் டிரைவர்.

"பேசாதீங்க. பிடிங்க கோட்டை."

சேற்றிலிருந்து எடுத்துச் சட்டையில் துடைத்தாள். இனிக் கையால்தான் சுருட்ட வேண்டும். முனையை மூடியின் ஓரத்தில் மாட்டி, ஒரு கட்டை விரலால் அமுக்கிக்கொண்டு, மறுகையால் சுற்று சுற்றாக உள்ளே திணித்தாள். நான்காவது சுற்றில் அது வழுக்கி உள்ளங்கையைக் கீறியது. ரத்தமும் மழையும் சேர்ந்து வழிந்ததில் பிடி நழுவியது. மறுபடி முதலிலிருந்து.

வேன் பக்கமிருந்து குரல் கேட்டது. "ஏன் சத்தமே இல்ல? விட்டுட்டுப் போயிட்டீங்களா?"

"இங்கதான்க்கா இருக்கோம்!" நெட்டை தண்டின் மேலிருந்தே கத்தினான். "மெஷினுக்குக் கொஞ்சம் கோவம். எங்கண்ணி சமாதானம் பண்ணிட்டு இருக்காங்க. எங்க வீட்ல எல்லாரையும் அவங்கதான் வழிக்குக் கொண்டு வருவாங்க!"

உள்ளேயிருந்து சிரிப்பா அழுகையா என்று தெரியாத ஒரு சத்தம் வந்தது. உடனே வடம் 'டிங்' என்று ஒலித்தது. அதில் ஒரு இழை தெறித்திருந்தது.

கடைசிச் சுற்று உள்ளே அமர்ந்தது. கப்பியை வைத்துக் கயிற்றைச் சுற்றி, மூடியைப் பொருத்தினாள். நான்கு திருகுகளில் இரண்டைத்தான் முறுக்கினாள்; மற்ற இரண்டுக்கு நேரமில்லை. இழுத்தாள். ஒன்று. இரண்டு. மூன்றாவது இழுப்பில் குளவி கத்தியது. அந்தச் சத்தத்தை அவ்வளவு ஆசையாக அவள் அதுவரை கேட்டதில்லை.

அதற்கப்புறம் ஒன்பது முறை கை உயர்ந்தது. ஒன்பது முறையும் ரம்பம் அணைந்தது, ஒன்பது முறையும் கிளம்பியது. ஒவ்வொரு தடவையும் அவன் கயிற்றைத் தொடும்போது அண்ணி கண்ணை மூடிக்கொண்டாள். பாரம் குறையக் குறைய வடம் தளர்ந்தது. கடைசியில் ஜாக்கி வைத்துத் தண்டைத் தூக்கி, கதவைப் பிளந்து, அந்தப் பெண்ணை வெளியே எடுத்தார்கள். வலது கால் இரண்டு இடத்தில் முறிந்திருந்தது. நினைவு இருந்தது. ஆம்புலன்ஸில் ஏற்றும்போது, "ரொட்டியெல்லாம் நனைஞ்சிருக்குமே" என்று மட்டும் சொன்னாள்.

ஜீப்பில் திரும்பினார்கள். வெகு தூரம் போனபின் நெட்டை மெதுவாகச் சொன்னான். "பட்டறையிலேயே சொல்லியிருக்கணும் அண்ணி. நீங்க அட்டை எழுதிக் கணக்குப் போட்டுச் சொல்றீங்க, நான் என்னத்தைச் சொல்றதுன்னு..."

"சொல்ல வந்தவனை அதட்டினது யாரு? நான்தானே" என்றாள் அவள். கையில் சுற்றியிருந்த துணி சிவந்துகொண்டிருந்தது.

மறுநாள் காலை பொறியாளர் வருவதற்கு முன்பே அவர் அறை வாசலில் நின்றாள்.

"சார், அந்த அறிக்கையைத் திருப்பிக் குடுங்க. தப்பா எழுதிட்டேன்."

"ஆர்டர் கடிதம் டைப் ஆகிடுச்சேம்மா. நேத்துதானே நீயே கையெழுத்துப் போட்டே?"

"போட்டேன் சார். எத்தனை தடவை கெட்டுச்சுன்னு எண்ணினேன், எவ்வளவு நேரம் ஓடுச்சுன்னு எண்ணலை. வேலை செய்யாதவன் தப்பே பண்ணலைன்னு நல்ல பேர் குடுத்த மாதிரி ஆயிடுச்சு."

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "மேலிடத்துல என்னன்னு சொல்றது? எங்க மெக்கானிக் ஒரே நாள்ல மனசு மாறிட்டாங்கன்னா?"

"நேத்து ரோட்ல நடந்ததைச் சொல்லுங்க. என் பேரையும் சேத்தே சொல்லுங்க."

அவர் அவள் கையில் சுற்றியிருந்த துணியைப் பார்த்தார். பிறகு கடிதத்தை எடுத்து இரண்டாகக் கிழித்தார். மறுபடி சோதித்துப் பார்க்க மூன்று மாதம் கொடுத்தார். இந்த முறை ஒவ்வொரு ரம்பத்திலும் ஓடும் நேரத்தைக் காட்டும் மீட்டர் பொருத்தினாள். பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் ஆளுக்கு ஒரு வாரம் முறை வைத்து ஓட்டச் சொன்னாள். தோள் கழன்றுவிட்டதென்று குழு முழுவதும் அவளைத் திட்டித் தீர்த்தது. முடிவில், யானை பதினோரு மணி நேரத்துக்கு ஒரு தடவை மேஜைக்கு வந்தது. குளவி அறுபது மணி நேரத்துக்கு ஒரு தடவை. வாங்கியது குளவியைத்தான்.

ஆனால் அதெல்லாம் பின்னால் நடந்தது. அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவள் நேராக ஆஸ்பத்திரிக்குப் போனாள். அந்தப் பெண் காலைத் தூக்கிக் கட்டியிருக்க, கட்டிலில் படுத்திருந்தாள். அண்ணி கட்டில் ஓரம் நின்று, வழியெல்லாம் யோசித்து வைத்ததை மறந்துவிட்டு, வாயில் வந்ததைச் சொன்னாள்.

"நடுவுல மெஷின் நின்னுச்சுல்ல, எட்டு நிமிஷம். அந்த மெஷினை எடுத்துட்டு வரச் சொன்னது நான்தாங்க. வேண்டாம்னு சொல்ல வந்தவனை வாயடைச்சுட்டேன்."

"எட்டு நிமிஷம்தானா?" என்றாள் அந்தப் பெண். "எனக்கு ஒரு பொழுது போன மாதிரி இருந்துச்சு. என் பசங்க மூஞ்சி ஒண்ணொண்ணா நெனச்சுப் பாத்துட்டேன்."

அண்ணி தலையைக் குனிந்தாள்.

"கோவம் இல்லன்னு சொல்லமாட்டேன்" என்றாள் அந்தப் பெண். "ராத்திரி பூரா வலி வேற." பிறகு கையை நீட்டி, கட்டிலுக்குக் கீழே கிடந்த முக்காலியைக் காட்டினாள். "நிக்காதீங்க. அதை இழுத்துப் போட்டு உக்காருங்க. வீட்டுக்காரர் வர ஆறு மணி ஆகும். அதுவரைக்கும் யாராவது பேசிக்கிட்டு இருந்தா நல்லாருக்கும்."

அண்ணி முக்காலியை இழுத்தாள். ஆறு மணிவரை அங்கேயே இருந்தாள்.