ஆள் இருக்கும் வீடு

வேட்டு வைப்பதற்கு முன் மேஸ்திரி தகரத்தைத் தட்டியதும், ஜல்லி உடைக்கும் பெண்கள் சுத்தியலைப் போட்டுவிட்டுப் புளியமரத்தடிக்கு ஓடினார்கள். முனிலட்சுமி ஓடவில்லை, நடந்தாள். ஐப்பசிக்குப் பிறகு அவள் எதற்கும் ஓடுவதில்லை. போகிற போக்கில் கல்குழியின் கிழக்கு மூலையில் சரிந்து கிடந்த கற்குவியலைப் பார்த்துக்கொண்டாள். அதைப் பார்க்காமல் அந்தப் பக்கம் அவள் கடந்ததில்லை.

அந்த ஐப்பசி மழையில்தான் பாறை சரிந்தது. எல்லோரும் இதே மரத்தடியில் களி தின்றுகொண்டிருந்த நேரம். அவள் புருஷன் கங்கப்பன், மறந்துவிட்ட கடப்பாரையை எடுக்க உள்ளே போனான். அவன் போனதை அத்தனை பேரும் பார்த்தார்கள். சாயங்காலம் குழியின் குத்தகைதாரர் திம்மராயன் வந்து, "கங்கப்பன் இன்னிக்கு வேலைக்கே வரலையே!" என்றார். உடனே அத்தனை பேருக்கும் ஒரே நேரத்தில் ஞாபகம் போய்விட்டது. அவன் பெங்களூருக்கு ஓடிப்போய்விட்டான் என்று முடிவாயிற்று. மலை ஈரமாக இருக்கிறது, காயும்வரை குவியலை யாரும் தொடக்கூடாது என்றார் திம்மராயன். மாசி பிறந்து ஏரித் தரையே வெடித்துவிட்டது. மலை மட்டும் காயவில்லை.

முனிலட்சுமி நஷ்டஈடு கேட்டுச் சேலத்துக்கு மனுப் போட்டிருந்தாள். லேபர் ஆபீசர் வந்து குவியலைப் பிரித்துப் பார்ப்பார் என்று பதிலும் வந்திருந்தது. அதற்காகத்தான் அவள் இந்தக் குழியை விட்டு வேறு வேலைக்குப் போகாமல் இருந்தாள்.

வேட்டு வெடித்துத் தூசி அடங்கும்போது, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு பஞ்சாயத்து போர்டு பில் கலெக்டர் நாராயணப்பன் வந்தான். மத்தூர்க்காரன். வேலைக்குச் சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை என்பதால் இன்னும் மரியாதையாகப் பேசிக்கொண்டிருந்தான்.

"முனிலட்சுமிங்கறது யாரும்மா? உன் வூடு ஆதரவு இல்லாத பொம்பளை வூடுன்னு வரி தள்ளி வெச்சிருந்தாங்க. அது இனிமே இல்லை. ஆம்பளை இருக்கற வூடுன்னு மாத்தியாச்சு."

"எந்த ஆம்பளை?"

"இதென்னாம்மா, என்னைக் கேக்கற? உன் வூட்டு ஆம்பளைதான். நேத்து வூடு எண்ண வந்தேன். கதவு ஒருக்களிச்சு இருந்துச்சு. தாகமா இருக்குதுன்னு குரல் குடுத்தேன். உள்ள இருந்து சொம்பு நீட்டினாரு."

பக்கத்தில் இருந்த மாதம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "ஏண்டி, எங்களுக்குத் தெரியாம யாரைடி உள்ள வெச்சிருக்கற? முன்னாடியே சொல்லியிருந்தா நாங்களும் ஒரு சொம்பு தண்ணி கேட்டிருப்போம்ல!"

பெண்கள் எல்லோரும் சிரித்தார்கள். நாராயணப்பனும் சேர்ந்து சிரித்தான்.

"வயசானவரு போல. தலை, புருவம், இமையெல்லாம் ஒரே வெள்ளை. ஆனா கை நல்லா கெட்டியா இருந்துச்சு. சுண்டு விரல் மட்டும் இல்லை."

சிரிப்பு நின்றது. கங்கப்பனின் சுண்டு விரலை வேட்டுத் திரி வாங்கிக்கொண்டு போன வருஷம் எது என்று அங்கே எல்லோருக்கும் தெரியும். மாதம்மாள் எழுந்து, தேவையே இல்லாமல் தன் சுத்தியலைத் தேடப் போனாள்.

வீட்டுக்கு வந்ததும் முனிலட்சுமி சொம்பைப் பார்த்தாள். எப்போதும் பானைமேல் கவிழ்த்து வைப்பாள், நேற்று ராத்திரியும் அப்படித்தான் வைத்தாள். இன்று காலை அவசரத்தில் அதைத் தொடவே இல்லை. சொம்பு நிமிர்ந்து இருந்தது. அதன் வயிற்றில் ஒரு பக்கம் கட்டைவிரல், மறுபக்கம் மூன்று விரல், வெள்ளையாகப் பதிந்திருந்தன. அவள் அதைக் கழுவவில்லை. அன்று ராத்திரி கையில் தண்ணீர் மொண்டு குடித்தாள்.

வரியைக் கட்டித் தொலைத்திருக்கலாம். ஆனால் வீட்டில் புருஷன் இருக்கிறான் என்று போர்டு சொல்லிவிட்டால், செத்தவனுக்காகப் போட்ட சேலத்து மனு என்ன ஆகும்? அவள் போர்டு ஆபீசுக்குப் போய் ஆட்சேபணை சொன்னாள்.

பஞ்சாயத்துக்குப் பிரசிடெண்டும் திம்மராயன்தான். குத்தகைதாரரும் பிரசிடெண்டும் ஒருநாளும் கருத்து வேறுபட்டதில்லை.

"புருஷன் திரும்பி வந்தா சந்தோசப்படணும்மா. வரிக்குப் பயந்துக்கிட்டு ஒளிச்சு வெப்பாங்களா யாராவது?" என்றார் அவர், உண்மையாகவே மகிழ்ந்து.

"வரலைங்க சாமி."

"நாராயணப்பன் பொய் சொல்றானா?"

"அவரு பாத்தது குழித் தூசிங்க சாமி. பெங்களூர்ல இருந்து வர்றவரு மேல குழித் தூசி எப்படிங்க இருக்கும்?"

"அப்போ எங்கே இருந்து வந்தானாம்?"

"அது உங்களுக்குத் தெரியுங்க."

அங்கே உட்கார்ந்திருந்த போர்டு மெம்பர்கள் இருவரும் கூரையில் ஏதோ பழுது இருப்பதுபோல் அண்ணாந்து பார்த்தார்கள். திம்மராயன் குடையை எடுத்துக்கொண்டு எழுந்தார். "எதுக்கு வளவளன்னு? நேர்ல பாத்துடலாம் வா. ஆளு இல்லைன்னா வரியும் இல்லை."

உச்சி வெயிலில் ஊரே பின்னால் வந்தது. கதவு காலையில் அவள் சாத்திவிட்டுப் போனபடியே இருந்தது. திம்மராயன் வாசலுக்குக் கொஞ்சம் தள்ளியே நின்றுகொண்டார்.

"நீயே கூப்புடும்மா. நாங்க கூப்புட்டா வரமாட்டான்."

கங்கப்பன் போனதிலிருந்து எத்தனையோ தடவை கூப்பிட வேண்டும்போல் இருந்து, கூப்பிடாமல் அடக்கிக்கொண்டவள் அவள். இப்போது கூப்பிட்டாள், பதில் வரக்கூடாதே என்று முதன்முதலாக வேண்டிக்கொண்டு கூப்பிட்டாள்.

"ஏனுங்க... வெளிய வாங்க."

ஒன்றுமில்லை. எங்கோ ஒரு கோழி கேறியது. திம்மராயனின் முகம் கொஞ்சம் தொங்கிப்போயிற்று. முனிலட்சுமிக்கு மூச்சு வந்தது. முறைப்படி இன்னொரு தடவையும் கூப்பிட்டுவிடலாம் என்று அவளே சொன்னாள்.

"பிரசிடெண்டு வந்திருக்காருங்க."

உள்ளே யாரோ இருமினார்கள்.

கல் உடைப்பவனின் இருமல் அது. முதலில் சின்னதாக ஒன்று, பிறகு சங்கிலியை இழுத்துக்கொண்டு வருவதுபோல் நீளமாக ஒன்று, கடைசியில் ஒரு செருமல். அந்த ஊரில் அது யாருடைய இருமல் என்று தெரியாதவன் நாராயணப்பன் ஒருவன்தான். ஆகையால் அவன் மட்டும் பயப்படவில்லை.

"நான்தான் சொன்னேனுங்களே! பெரியவரே, அப்படியே ஒரு சொம்பு தண்ணி..." என்று கதவைத் தள்ளப் போனவனின் சட்டையைத் திம்மராயன் பின்னாலிருந்து பிடித்து இழுத்தார். பயம் வந்தால் அவருக்குத் தமிழ் போய்த் தெலுங்கு வந்துவிடும்.

"சாலு! சாலு!" என்றார். போதும், போதும்.

தெருமுனைக்குப் போன பிறகு தமிழ் திரும்பி வந்தது. "எழுதுப்பா. ஆளு இருக்கான். ஊரே சாட்சி." நாராயணப்பனின் முதுகில் காகிதத்தை வைத்து அங்கேயே கையெழுத்துப் போட்டார். கங்கப்பன் வேலைக்குப் போன அன்று எதையும் பார்க்காத ஊர், இன்று இருமலைக் கேட்டதற்குச் சாட்சி சொன்னது.

எல்லோரும் போன பிறகு முனிலட்சுமி உள்ளே போனாள். யாரும் இல்லை. அவள் சுருட்டி வைத்த பாய் விரிந்து கிடந்தது. அதன்மேல் ஓர் ஆள் நீளத்துக்கு மாவு சலித்ததுபோல் வெள்ளைத் தூசி. பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"இத்தனை நாளா வாயே தொறக்கல," என்றாள் பாயைப் பார்த்து. "இன்னிக்கின்னு பாத்தா இருமணும்? அந்த ஆபீசர் வர்ற வரைக்கும் அடக்கிக்கக் கூடாதா?"

பாயில் தூசி அப்படியே இருந்தது. அவள் அதைக் கூட்டவில்லை. ஓரமாகத் தரையில் படுத்துக்கொண்டாள்.

பங்குனியில் சேலத்திலிருந்து பதில் வந்தது. புருஷன் வீட்டில் இருப்பதை ஊர்ப் பஞ்சாயத்து நேரில் கண்டு உறுதி செய்திருப்பதால் மனு தள்ளப்படுகிறது. குவியலைப் பிரிக்க வேண்டிய அவசியம் இல்லை. தபால்காரரே படித்துக் காட்டினார்.

மறுநாளே மலை காய்ந்துவிட்டது.

"வீட்ல இருக்கறவன் குவியலுக்கு அடியில எப்படிடா இருப்பான்? வேட்டு வை," என்று திம்மராயன் மேஸ்திரியிடம் சொன்னார். பெரிய ரோட்டுக்கு ஜல்லி அவசரமாகத் தேவைப்பட்டது. கிழக்கு மூலையில் வரிசையாக வேட்டுகள் வெடித்தன. தூசி அடங்க வெகுநேரம் ஆயிற்று. அடங்கியபோது மரத்தடியில் இருந்த அத்தனை பெண்களுக்கும் தலையும் புருவமும் இமையும் வெளுத்திருந்தன. யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

கூடை கூடையாகக் கல் வந்து விழுந்தது. முனிலட்சுமி ஒரு கல்லை எடுத்தாள். எல்லாப் பக்கமும் புரட்டிப் பார்த்தாள். பிறகுதான் அதன்மேல் சுத்தியலைப் போட்டாள். அடுத்த கல்லை எடுத்தாள். புரட்டினாள்.

"என்னாடி, முட்டையா அது, பொரட்டிப் பொரட்டிப் பாக்கற?" என்று மேஸ்திரி கத்தினான். "இப்படி உடைச்சா அரைக் கூலிதான், சொல்லிட்டேன்!"

முனிலட்சுமி இன்னொரு கல்லைப் புரட்டினாள். அவளுக்குப் பக்கத்தில் சுத்தியல் சத்தம் நின்றது. மாதம்மாள், தலையைத் தூக்காமல், தன் கல்லை எடுத்துப் புரட்டினாள். அவளுக்கு அடுத்தவளும் புரட்டினாள். வரிசை முழுக்கச் சத்தம் ஒவ்வொன்றாக நின்றுகொண்டே போயிற்று.

ஜல்லி ஏற்ற வந்த லாரி இன்ஜினை அணைக்காமல் காத்திருந்தது.