கவிஞர் வீட்டுக் கடிகாரம்

அடுப்புப் பக்கம் நகர்ந்து உட்காருங்கள், கண்ணுகளா. கையில் இருப்பதைக் கீழே வையுங்கள். என் கண்ணால் பார்த்ததைத்தான் சொல்லப்போகிறேன். நடுவில் பயமாக இருந்தால் என் கையைப் பிடித்துக்கொள்ளலாம்.

நம் ஓராவா மலைநாட்டில், ஓடைக்கரையில், கவிஞர் மத்தேய் லிப்னிக் பிறந்த மரவீடு இருக்கிறதல்லவா, அதை அருங்காட்சியகமாக்கியதிலிருந்து இருபது வருடம் பார்த்துக்கொண்டவள் ஹெர்மினா. கவிஞரின் தொட்டில், அவர் அம்மாவின் முகம்பார்க்கும் கண்ணாடி, சுவரில் ஓர் ஊசல் கடிகாரம். சீட்டுக் கிழிப்பது, தூசி தட்டுவது, கடிகாரத்துக்குச் சாவி கொடுப்பது, எல்லாம் அவள்தான்.

அந்த பிப்ரவரியில் கடிகாரம் நிற்க ஆரம்பித்தது. ஊசல் பெட்டியின் ஒரு பக்கம் போய் உரசியது. கீழ் ஆணியைத் தளர்த்திப் பெட்டியை நேராக்கி ஓடவிடுவாள். ஒரு வாரத்தில் மறுபடி நிற்கும். நேராக்கும்போதெல்லாம் பெட்டியின் ஓரமாகச் சுவரில் ஒரு பென்சில் கோடு போட்டு வைத்தாள். நான்கு கோடுகள் ஆனபோது, ஒவ்வொன்றும் முந்தியதைவிடச் சாய்ந்திருப்பதைப் பார்த்து அவளுக்குப் புரிந்தது: சாய்வது கடிகாரமில்லை, சுவர். கூரைமேல் ஈரப்பனி, அடியில் ஓடை மண்ணை அரித்துக்கொண்டிருந்தது.

நகரத்திலிருந்து வரும் அருங்காட்சியக இயக்குநர் ரெஹாக்கிடம் கோடுகளைக் காட்டினாள். அவர் சிரித்தார்.

"இருபது வருஷமா உங்க முகத்தையே பார்த்துக் கடிகாரத்துக்கு அலுத்துப்போச்சு, ஹெர்மினா அம்மா."

மராமத்துக்கு எழுதிப் போட்டிருக்கிறதாம், கவிஞரின் பிறந்தநாள் விழா முடியட்டுமாம். ஊரும் அந்தச் சிரிப்பைப் பிடித்துக்கொண்டது. ரொட்டிக் கடையில் அவளிடம் மணி கேட்டுக் கேலி செய்தார்கள்.

விழாவில் தொட்டிலருகே நின்று கவிதை சொல்ல வேண்டியவள் ஹெர்மினாவின் மகள் ஸ்லாவ்கா. ஏழு மாதக் கர்ப்பிணி. தொட்டிலுக்கு நேர்மேலே பெரிய உத்தரம். வேண்டாம் என்று தாய் கெஞ்சிப் பார்த்தாள்; மகள் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

விழா நாள், மார்ச் மாத நண்பகல். தாழ்வாரத்தில் பனி உருகிச் சொட்டிக்கொண்டிருந்தது. உள்ளே நாற்பது பேர். மூன்றாவது பெஞ்சில் நான், மடியில் கசகசாப் பலகாரத் தட்டு. இயக்குநர் பேசிக்கொண்டிருந்தார். அடுத்த அறையில் யாரோ வால்நட் உடைப்பதுபோல ஒரு சத்தம். அடுத்த அறையில் யாருமில்லை.

ஹெர்மினா மகளைப் பார்த்தாள். கத்தினால் ஒருவரும் எழுந்திருக்கமாட்டார்கள், சிரிப்பார்கள். அது அவளுக்குத் தெரியும். எழுந்து போய், ஓடிக்கொண்டிருந்த ஊசலைக் கையால் பிடித்து நிறுத்தினாள். தோளில் கிடந்த கறுப்புச் சால்வையைக் கண்ணாடிமேல் போர்த்தினாள். சன்னலைத் திறந்தாள்.

வீட்டில் சாவு விழுந்தால் மட்டும் நாம் செய்கிற மூன்று காரியங்கள்.

பேச்சு நின்றது. ஆண்கள் தொப்பியைக் கழற்றினார்கள். எல்லோரும் எழுந்துவிட்டோம்; கால்கள் தாமாகவே எழுந்தன.

"யாரு?" என்று கேட்டார் மாவுமில் வென்டெலின்.

"வெளியே வந்து சொல்றேன் அண்ணா. எல்லாரும் முற்றத்துக்குப் போங்க."

சவ ஊர்வலத்துக்குப் போவதுபோல, இடிக்காமல் தள்ளாமல் வெளியேறினோம். ஸ்லாவ்கா மட்டும் நகரவில்லை. "என்னை அசிங்கப்படுத்தாதம்மா" என்று பல்லைக் கடித்தாள். ஹெர்மினா அவள் மணிக்கட்டைப் பிடித்து வாசற்படி தாண்டி இழுத்து வந்தாள். கடைசியாக வந்தவர் இயக்குநர், அவளைத் திட்டுவதற்காக. வாயைத் திறந்தார்.

உத்தரம் விழுந்தது. கூரையும் பனியும் கூடவே இறங்கின. தொட்டில் இரண்டாகப் பிளந்து கிடந்தது. சன்னல் இருந்த சுவர் மட்டும் நின்றது.

இயக்குநர் பனியிலேயே உட்கார்ந்துவிட்டார். யாருக்கும் ஒரு கீறலும் இல்லை. ஆனால் வென்டெலின் அந்தத் திறந்த சன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சாவு இல்லாம இதையெல்லாம் செய்யக் கூடாதே, செஞ்சா ஒரு சாவு தேடி வருமே. யார் பேருக்குச் செஞ்சே, ஹெர்மினா?"

அவள் மகளின் தலைத்துணியிலிருந்த தூசியைத் தட்டினாள். வீடு திரும்பும் வழியில் என்னிடம் மட்டும் சொன்னாள்.

"என் பேருக்குத்தான் அக்கா. வேற யார் பேரைச் சொல்றது?"

மே மாதம் பேத்தி பிறந்தாள். ஹெர்மினாதான் தினமும் குளிப்பாட்டுகிறாள். அந்த வீட்டைச் சுற்றிக் கயிறு கட்டியிருக்கிறார்கள். சன்னல் திறந்தபடியே இருக்கிறது. அதைச் சாத்த ஒருவரும் போகவில்லை. எங்கேயாவது கடிகாரச் சத்தம் நின்றால் ஹெர்மினா முதலில் குழந்தையை மகள் கையில் கொடுக்கிறாள். பிறகுதான் திரும்பிப் பார்க்கிறாள்.

உங்கள் வீட்டுக் கூரை எந்தப் பனியையும் தாங்கட்டும், கண்ணுகளா. உங்கள் கடிகாரம் ஓடிக்கொண்டே இருக்கட்டும். உங்கள் சன்னல்கள் காற்றுக்காக மட்டுமே திறக்கட்டும்.