நாள் தெரியாதவர்களுக்கான விளக்கு

மாக்கிரட் பாதி எலுமிச்சங்காயை, பெட்டியில் கிடந்த கணவர் வின்சன்டின் நகக்கண்ணில் வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தாள். வெள்ளிக்கு மெருகேற்றும் கறுப்பு மை மூன்று வருஷமாக அங்கே குடியிருந்தது. செத்த பிறகும் போகவில்லை.

“விடுங்கோ மச்சாள், சனம் வரப்போகுது,” என்றான் வின்சன்டின் தம்பி கிறகரி. கையில் ஒரு தாள். “பூசையில வாசிக்கிறதுக்குப் பாதர் விபரம் கேக்கிறார். ஜெறோமை எப்பிடிப் போடுறது?”

அவள் அடுத்த விரலை எடுத்தாள்.

எண்பத்து நாலில் மன்னாரில், வீட்டு வாசலில் வைத்து ஆமிக்காரர் மகன் ஜெறோமை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார்கள். பத்தொன்பது வயது. பிறகு ஒரு செய்தியும் இல்லை. மொன்றியலுக்கு வந்தும், உயிரோடு இருப்பவர்களுக்கான மன்றாட்டில்தான் மாக்கிரட் ஞாயிறுதோறும் அவன் பெயரை எழுதிக் கொடுப்பாள். இறந்தவர்களுக்கான இளைப்பாற்றிப் பூசை என்று ஒருதடவை வாயெடுத்த கிறகரியோடு ஒரு மாதம் கதைக்கவில்லை. வின்சன்ட் அதைப்பற்றி எந்தப் பக்கமும் பேசியதில்லை.

கதவு திறந்து குளிர் உள்ளே வந்தது. கூடவே எஸ்தர், வின்சன்ட் வேலைசெய்த வெள்ளிப் பட்டறையின் சொந்தக்காரி. யூத வீடுகளில் வழிபாட்டுக்கு வேண்டிய வெள்ளிச் சாமான்களைப் புது மாதிரியில் செய்பவள். கோயில்களுக்குப் பூசைக் கிண்ணம் செய்து பழகிய வின்சன்டை மெருகு போடத்தான் எடுத்தாள். ஆறு மாதத்தில் அவருக்கும் ஒரு வரைபலகை போட்டுக் கொடுத்தாள். செவ்வாய்க்கிழமை அந்தப் பலகை மேலேயே சாய்ந்துபோனார்.

எஸ்தர் ஒரு துவாயை விரித்து, கையடக்கமான வெள்ளி விளக்கு ஒன்றைக் காட்டினாள். அவள் இங்கிலிஷில் சொல்லச் சொல்ல, கிறகரி தமிழில் சொன்னான்.

“செத்தவையின்ர நாளில வருஷத்துக்கொருக்கா விளக்குக் கொளுத்துறவையாம். பேரும் திகதியும் பொறிக்கிறதாம். ரெண்டாம் உலகச் சண்டைக்காலத்தில இவவின்ர மாமன் குடும்பத்தை ஏத்திக்கொண்டு போட்டாங்களாம். எண்டைக்குச் செத்தவையெண்டு தெரியாது. நாள் தெரியாட்டி என்ன செய்யிறனீங்களெண்டு அண்ணை கேட்டவராம்.”

“என்ன செய்யினமாம்?”

“தாங்களே ஒரு நாளை வச்சுக்கொள்ளுவினமாம். அதுக்குப் பிறகுதான் அண்ணை இதைப் பேப்பரில கீறினவர்.”

திகதி பொறிக்கும் இடத்தில் வின்சன்ட் நீளமாக ஒரு கீற்று வெட்டி விட்டிருந்தார், வெளிச்சம் வெளியே விழ. நாள் தெரியாத இன்னும் ஒன்பது குடும்பத்தார் அதே விளக்கைக் கேட்டிருக்கிறார்களாம்.

எஸ்தர் குரலைத் தாழ்த்தி இன்னும் ஏதோ சொன்னாள். கிறகரி கையிலிருந்த தாளை இரண்டாக மடித்தான்.

“சொல்லுங்கோ தம்பி.”

“முதல் செய்த விளக்கை அண்ணை பட்டறையில கொளுத்தினவராம், ஜெறோமுக்கு. போன நவம்பர் பதினெட்டு. உங்களுக்குச் சொல்லவேண்டாமெண்டவராம்.”

அது வீட்டு ஹீற்றர் திருத்த ஆள் வந்த நாள், மாக்கிரட்டுக்கு நினைவிருந்தது. அன்றைக்கு அருமையாக விளைமீன் கிடைத்துக் குழம்பு வைத்திருந்தாள். பிந்தி வந்த வின்சன்ட் சோற்றுக்கோப்பையைத் தள்ளிவைத்தார். அந்தக் கோபத்தில் இரண்டு நாள் அவள் முகம் கொடுக்கவில்லை. அவரும் ஏனென்று சொல்லவில்லை.

எலுமிச்சங்காயைக் கீழே வைத்தாள்.

“நாளும் வச்சுப்போட்டு என்னோட ஒரே மேசையில இருந்திருக்கிறார்,” என்றாள். யாருக்குச் சொன்னாள் என்று தெரியவில்லை. ஒருபக்கம் மடிந்திருந்த அவர் சேர்ட் கொலரை இழுத்து நேராக்கினாள். திரும்பவும் நேராக்கினாள்.

எஸ்தர் விளக்கைத் துவாயில் சுற்றப்போனாள். மாக்கிரட் கையை நீட்டி அதை வாங்கித் தன் கைப்பைக்குள் வைத்தாள்.

“தாளைத் தாங்கோ தம்பி.”

‘ஜெறோமின் தகப்பன்’ என்று தன் கையால் எழுதினாள்.

“காலஞ்சென்ற ஜெறோம் எண்டோ...” கிறகரி இழுத்தான்.

“தகப்பன். அவ்வளவுதான்.”

பாதர் அதை அப்படியே வாசித்தார்.

சேமக்காலையில் குழி வெட்டியிருக்கவில்லை. மாசி மாத நிலம் இரும்பாக இறுகிக் கிடந்தது. பெட்டியை ஒரு கற்கட்டடத்துக்குள் கொண்டுபோய் மற்றப் பெட்டிகளோடு வைத்தார்கள். நிலம் இளகினபிறகுதான் அடக்கமாம், கூப்பிட்டுச் சொல்லுவினமாம் என்றான் கிறகரி. அவள் தலையாட்டினாள்.

வெளியே படிகளில் கண்ணாடிபோல் ஐஸ் உறைந்திருந்தது. முதல் படியில் எஸ்தருக்குச் சறுக்கியது. மாக்கிரட் எட்டி அவள் முழங்கையைப் பிடித்தாள். மூன்று குளிர்காலமாக இப்படியான படிகளில் மாக்கிரட்டைத்தான் வின்சன்ட் பிடித்து இறக்குவது வழக்கம். இரண்டு பேரும் ஒவ்வொரு படியாக, காலை அழுத்தி வைத்துப் பார்த்துப் பார்த்து, தெருவுக்கு இறங்கினார்கள்.