எழுபது விநாடி முன்னால்

சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு மந்திரமூர்த்தியின் செல்போன் கடையில் கூடியவர்கள் ஐந்து பேர். தலைவர் தங்கச்சாமி அண்ணாச்சி, ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர், கை வைத்த ஒரே நாற்காலியில் வாசலைப் பார்த்து. மந்திரமூர்த்தி, கடைக்காரர் என்ற முறையில் கண்ணாடி மேசைக்குப் பின்னால். முத்துசெல்வி டீச்சர் மின்விசிறிக்கு நேர் கீழே, பிளாஸ்டிக் ஸ்டூலில். செயலாளராகிய நான், சுந்தரபாண்டியன், ஒரு மரப்பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் மன்ற நோட்டோடு. உறுப்பினர் எண் பதினான்கு, இசக்கிச்செல்வி, எங்கள் நால்வருக்கும் எதிரே. அந்த இடத்தை நான்தான் குறித்தேன். அவளுடைய இரண்டு கைகளும் என் கண்ணில் பட வேண்டும் என்று நினைத்தேன்.

மன்றம் என்றால் வானொலி நேயர் மன்றம்; இப்போது மிச்சமிருப்பது நாங்கள் ஐந்து பேர்தான். ஒரு வெளிநாட்டு வானொலி தினமும் காலை ஏழரைக்குச் சிற்றலையில் அரை மணி நேரம் தமிழில் பேசுகிறது. எந்த அலைவரிசை, என்ன நேரம் என்று எழுதி, ஒலியின் வலு, இரைச்சல் போன்றவற்றுக்கு மதிப்பெண்ணாக ஐந்து எண்கள் குறித்து நாங்கள் வாராவாரம் கடிதம் எழுதுவோம். அவர்கள் வண்ண அட்டை அனுப்புவார்கள். தங்கள் குரல் கோவில்பட்டியில் எப்படி வந்து விழுகிறது என்று அங்கிருந்தபடி அவர்களுக்குத் தெரியாது. அதனால் அந்த ஐந்து எண்களுக்கு அங்கே மதிப்பு உண்டு. ஒன்பது வருடத்தில் நான் ஒரு வாரமும் தவறியதில்லை.

இந்த ஆண்டு சனிக்கிழமைகளில் ஒரு தொடர் வந்தது. வேற்றுக்கிரகத்தார் இருந்தால் ஏன் இன்னும் நம்மைக் கூப்பிடவில்லை, காலத்தில் பின்னோக்கிப் போனால் என்ன சிக்கல் வரும் என்றெல்லாம். முடிவில் ஒரு கேள்வி கேட்பார்கள். பதிலை அந்தந்த மன்றத்தின் வாட்ஸ்அப் குழுவில் போட வேண்டும். முதலில் சரியாகச் சொன்னவர் பெயரைச் செயலாளர் எழுதி அனுப்ப வேண்டும். அதிக வாரம் முந்தியவரை அவர்கள் தங்கள் நாட்டுக்குப் பத்து நாள் விருந்தாளியாக அழைத்துப் போவார்கள். இருபத்தாறு வாரத்தில் இசக்கிச்செல்வி பதினேழு. மந்திரமூர்த்தி ஆறு.

சிக்கல் என்னவென்றால், அவளுடைய பதில்கள் கேள்விக்கு முன்னால் வந்தன.

முதலில் கவனித்தவர் மந்திரமூர்த்தி. "சூரியனை விட்டால் நமக்கு மிகவும் பக்கத்தில் இருக்கும் நட்சத்திரத்தின் ஒளி இங்கே வர எத்தனை ஆண்டு ஆகும்?" என்று அறிவிப்பாளர் கேட்டு முடிக்கவில்லை, அதற்குள் குழுவில் 'நாலேகால்' என்று அவளுடைய பதில் கிடந்தது. அடுத்த வாரமும் அப்படியே. மூன்றாவது வாரம் நானே கடிகாரத்தோடு உட்கார்ந்தேன். கேள்விக்கு முந்திய பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே பதில் வந்துவிட்டது. மந்திரமூர்த்தி யாரிடமும் சொல்லாமல் வானொலி நிலையத்துக்கே புகார் அனுப்பிவிட்டார். எழுத்து மூலம் விளக்கம் திங்கட்கிழமைக்குள் சென்னை அலுவலகத்துக்கு வந்து சேராவிட்டால் அழைப்பு ரத்து என்று அங்கிருந்து செயலாளருக்குக் கடிதம் வந்தது. ஆகவே இந்தக் கூட்டம். விளக்கம் அன்றைய தபாலிலேயே போயாக வேண்டும்.

இசக்கிச்செல்வி புதூர்ப் பக்கத்துக்காரி. கல்லூரியில் இயற்பியல் இரண்டாம் ஆண்டோடு நின்றுவிட்டு, அம்மாவோடு சேர்ந்து அறுபது ஆடு மேய்க்கிறாள். முதல் பஸ்ஸைப் பிடித்து வந்திருந்தாள். மடியில் ஒரு துணிப்பை. அதைத் தரையில் வைக்கச் சொன்னேன், வைத்தாள். போனைக் கேட்டேன்; கொடுத்தாள்.

"கேள்விக்கு முன்னாடி பதில் வருதுன்னா ரெண்டே வழிதான்," என்றார் மந்திரமூர்த்தி. "ஒண்ணு, இவ காலத்துல முன்னாடி போயிட்டு வந்திருக்கணும். இல்ல, ஸ்டேஷன்ல இவளுக்கு ஆள் இருக்கணும்."

"முத வழியே இருக்கட்டுமே அண்ணாச்சி," என்றாள் இசக்கிச்செல்வி. "கேக்க நல்லாருக்கு."

"சிரிக்காத ஏட்டி. இது விசாரணை," என்றார் மந்திரமூர்த்தி.

தங்கச்சாமி அண்ணாச்சி தொண்டையைச் செருமினார். "அந்தக் காலப் பயணம் எனக்குப் பிடிபடவே மாட்டேங்கு. எங்கய்யா பொண்ணு பாக்க எட்டயபுரத்துக்குப் போன பஸ்ஸ நான் பின்னால போயி மறிச்சிட்டேன்னு வச்சுக்கோங்க. கல்யாணம் நடக்கல. நான் பொறக்கல. பொறக்காதவன் எப்படிலே பஸ்ஸ மறிச்சான்?"

"நீங்க கண்டக்டரா இருந்த பஸ் எந்த ஸ்டாப்புல நின்னுருக்கு, மறிச்சா நிக்கதுக்கு?" என்றார் டீச்சர்.

"டீச்சர், விஷயத்துக்கு வாங்க," என்றேன்.

"விஷயத்துக்குத்தான் வாரேன். பிற்காலத்துல இருந்து யாராச்சும் வர முடியும்னா இந்நேரம் வந்திருக்கணும்லா? ஒருத்தரையும் காணோம். வேற்றுக்கிரகத்து ஆளுகளும் அப்படித்தான். அதனால மொத வழி அடிபட்டுப் போச்சு. மிச்சம் ரெண்டாவது வழி." சொல்லிவிட்டு அவளை முகத்துக்கு நேராகப் பார்த்தார். "ஸ்டேஷன்ல யாரும்மா உனக்குப் பழக்கம்?"

"யாரையும் தெரியாது டீச்சர். எங்க ஊர்ல ஒரு போஸ்ட்மேனத் தெரியும்."

அவள் சொன்ன விதத்தில் பயம் இல்லை. எனக்கு அதுவே சந்தேகத்தைக் கூட்டியது. குற்றமில்லாதவர்கள் பதறுவார்கள் என்பது என் அனுபவம். "உனக்கு அந்த நாட்டுக்குப் போகணும்னு ஏன் இவ்வளவு ஆசை?" என்று கேட்டேன்.

"அவிய ஒலிபரப்புத் தோட்டத்தப் பாக்கணும் அண்ணாச்சி. நூறு ஏக்கர்ல கம்பிக் கோபுரமா நட்டு வச்சிருக்காவளாம். அதுக்குக் கீழ நின்னு பாக்கணும். அங்க இருந்து பொறப்படுததுதான எங்க காட்டுல வந்து விழுது."

மணி ஏழு இருபத்தைந்து. எங்கள் திட்டம் இது: அவள் போன் என் சட்டைப்பையில் இருக்க வேண்டும், நிகழ்ச்சியை எல்லோரும் சேர்ந்து கேட்க வேண்டும், கேள்வி வரும்வரை அவள் யாரோடும் பேசக்கூடாது, பிறகு பதிலை ஒரு தாளில் எழுத வேண்டும். இந்த முறை முந்த முடியாது. முந்தவில்லை என்றால் மற்றதெல்லாம் திருட்டு என்று ஆகிவிடும். மந்திரமூர்த்தி தன் போனை மேசை மேல் வைத்து வானொலியின் செயலியைத் திறந்தார்.

"இதுலயா கேக்கப் போறோம்?" என்றாள் அவள்.

"இன்னைக்கு மட்டும். கடைக்குள்ள ரேடியோ எடுக்காது," என்றேன் நான். வேகமாகத்தான் சொன்னேன்.

"நான் ரேடியோ கொண்டாந்திருக்கேன். வைக்கட்டுமா?"

துணிப்பையிலிருந்து ரப்பர் வளையம் போட்டுக் கட்டிய ஒரு பழைய டிரான்சிஸ்டரை எடுத்தாள். மந்திரமூர்த்தி அதை வாங்கிப் பின்மூடியைக் கழற்றி, உள்ளே ஏதாவது ஒளித்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்தார். மூன்று பேட்டரியும் கொஞ்சம் கரிசல் மண்ணும் இருந்தன. போட்டதும் கொர்ரென்று இரைச்சல். குரலே இல்லை.

"பாத்தியளா?" என்றார் மந்திரமூர்த்தி. "இதுல கேட்டுத்தான் பதினேழு பதில் சொன்னாளாம்."

அவள் கடையைச் சுற்றிப் பார்த்தாள். டியூப் லைட், சார்ஜர்கள், இன்வெர்ட்டர், மின்விசிறி. "இம்புட்டையும் ஓட விட்டா அது என்ன செய்யும்? மெயின ஆஃப் பண்ணுங்க அண்ணாச்சி. இன்வெர்ட்டரையும்."

இதில் ஏதோ தந்திரம் இருக்கிறது என்றுதான் தோன்றியது. ஆனாலும் தலைவர் தலையசைத்தார். மந்திரமூர்த்தி எல்லாவற்றையும் அணைத்தார். அவள் ஒரு கம்பிச் சுருளை அவிழ்த்து, ஒரு முனையை டிரான்சிஸ்டரின் ஏரியலில் மாட்டி, மறுமுனையை ஷட்டருக்கு வெளியே வேப்பமரத்தில் எறிந்துவிட்டு வந்தாள். இரைச்சல் மெல்லப் பின்வாங்கியது. அதற்குள்ளிருந்து ஒரு வீணையிசை எழுந்தது. நிகழ்ச்சியின் தொடக்க இசை. வணக்கம் சொன்னார் அறிவிப்பாளர்.

மேசை மேலிருந்த போனில் அந்நிய மொழியில் யாரோ செய்தி வாசித்துக்கொண்டிருந்தார்கள்.

"என்னலே, ரெண்டும் வேற வேற ஸ்டேஷனா?" என்றார் தங்கச்சாமி அண்ணாச்சி.

டீச்சர் கைக்கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்கினார். டிரான்சிஸ்டரில் அறிவிப்பாளர் தலைப்பைச் சொல்லிவிட்டார், போன வார நேயர்களின் பெயர்களையும் வாசித்துவிட்டார். அதன் பிறகுதான் போனில் வீணை ஒலித்தது. அதே வணக்கம்.

"எழுபது விநாடி," என்றார் டீச்சர். குரல் இறங்கியிருந்தது.

"போன்ல வாரது அங்கங்க கொஞ்சம் சேத்து வச்சுச் சேத்து வச்சுத்தான் நம்ம கைக்கு வரும்," என்றாள் இசக்கிச்செல்வி. "ரேடியோ நேரா வந்துரும். அம்புட்டுதான்." சொல்லிக்கொண்டே வந்தவள் நிறுத்தினாள். எங்கள் ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தாள். என் முகத்தில் வந்து நின்றாள்.

"அப்ப நான் முந்தல. நீங்க பிந்தியிருக்கீக. நாலு பேருமா?"

வெளியே ஒரு தண்ணீர் லாரி போயிற்று.

"எங்கிட்ட ரேடியோவே கிடையாது," என்றார் மந்திரமூர்த்தி. அதைச் சொன்னதும் அவர் முகம் ஏனோ லேசாகிவிட்டது.

"பக்கத்து வீட்டு மாடியில சோலார் போட்டதுல இருந்து எனக்குக் கொர்ருன்னுதான் கேக்கு. நான் மட்டுந்தான் போன்ல கேக்கேன்னு நெனச்சேன்," என்றார் டீச்சர்.

"நானும் அப்படித்தாம்மா. போன கார்த்திகையில இருந்து மருமக போன்ல வச்சுத் தருதா," என்றார் தலைவர்.

"செயலாளர் அண்ணாச்சி?" என்றாள் அவள். "நீங்க வாராவாரம் வலிமை நாலு, இரைச்சல் மூணுன்னு எழுதி எங்களுக்கும் நகல் அனுப்புவீகள்லா. அத வாசிச்சுட்டு, கோவில்பட்டியில எம்புட்டுத் தெளிவா எடுக்குன்னு நான் பொறாமைப்படுவேன்."

நான் நோட்டைப் பார்த்தேன். போன ஆவணியிலிருந்து ஒரே ஐந்து எண்கள். நாலு, மூணு, மூணு, நாலு, நாலு. ஒரு வாரம்கூட நான் கேட்டு எழுதவில்லை. முந்திய பக்கத்தைப் பார்த்து எழுதியிருந்தேன். வேறொருவர் அப்படிச் செய்திருந்தால் இரண்டாவது வாரமே பிடித்திருப்பேன்.

"சரி, நடந்தது நடந்து போச்சு," என்றார் மந்திரமூர்த்தி. "இத வெளிய சொன்னா மன்றத்த மொத்தமா அடிச்சிருவாவ. இந்தப் பிள்ளை போன்ல மணி தப்பா ஓடுச்சுன்னு எழுதிருவோம். யாருக்கும் அசிங்கமில்ல."

தலைவருக்கு அது பிடித்துவிட்டது. டீச்சரும் மறுக்கவில்லை. எனக்கும் ஒரு நொடி நிம்மதியாகத்தான் இருந்தது. பிறகு கணக்குப் போட்டேன். அவள் போன் மணி தப்பு என்றால் அவளுடைய பதினேழும் செல்லாது. மிச்சத்தில் முந்தியவர், ஆறோடு, மந்திரமூர்த்தி. அவரை நிமிர்ந்து பார்த்தேன். அவர் மெயினைப் போடுகிற சாக்கில் திரும்பிக்கொண்டார்.

"இப்ப போடாதீங்க," என்றேன். "கேள்வி வரட்டும்."

எட்டு மணிக்குச் சற்று முன்னால் டிரான்சிஸ்டரில் வந்தது. தொடரின் கடைசிக் கேள்வி. சரி தவறு இல்லாதது: வேற்றுலகத்தார் ஏன் இதுவரை நம்மைத் தொடர்பு கொள்ளவில்லை? நேயர்கள் ஒரு வரியில் சொல்லலாம். அவளிடம் தாளை நீட்டினேன். அவள் வாங்கவில்லை.

"அவிய கூப்பிட்டுக்கிட்டேதான் இருக்காவளோ என்னமோ. இங்கன ஒரு செயலாளர் கேக்காமலே 'நல்லாக் கேக்குது, நன்றி'ன்னு எழுதிப் போட்டிருப்பாரு. அவியளும் சரின்னு விட்டுட்டாவ."

தங்கச்சாமி அண்ணாச்சி சிரிக்க வாயெடுத்து, என்னைப் பார்த்து அடக்கிக்கொண்டார். இருட்டுக் கடையில் போன் அதே கேள்வியை இன்னொரு தடவை கேட்டது.

நான் பேனாவைத் திறந்தேன். எழுதுவதற்கு முன் அவளிடம் ஒன்றைச் சொல்லியாக வேண்டியிருந்தது. "உண்மைய எழுதுனா உன் மேல குத்தமில்லன்னு ஆகும். ஆனா பொய்க் கடிதம் போட்ட மன்றம்னு நம்மள மொத்தமா தள்ளுனாலும் தள்ளிருவாக. அப்ப நீயும் போக முடியாது. யோசிச்சுச் சொல்லு."

அவள் கம்பியைச் சுற்றிக்கொண்டிருந்தாள். சுற்றி முடித்துத் துணிப்பைக்குள் போட்டாள்.

"எழுதுங்க அண்ணாச்சி. கள்ளின்னு பேரெடுத்துட்டு அந்தக் கோபுரத்துக்குக் கீழ போயி நிக்கச் சொல்லுதீகளா? இல்ல, மணி பாக்கத் தெரியாதவன்னு இங்கன இருக்கச் சொல்லுதீகளா?"

எழுதினேன். பொருள்: உறுப்பினர் எண் 14 மீதான புகார். ஒன்று, அவர் சிற்றலையில் நேரடியாகக் கேட்டார். நாங்கள் இணையத்தில் எழுபது விநாடி தாமதமாகக் கேட்டோம். இன்று இரண்டையும் அருகருகே வைத்துச் சோதித்தோம். இரண்டு, கடந்த ஆவணி முதல் இந்த மன்றத்திலிருந்து செயலாளர் அனுப்பிய ஒலித்தர அறிக்கைகள் எவையும் கேட்டு எழுதப்பட்டவை அல்ல, அவற்றைத் தள்ளிவிடவும், வந்த வண்ண அட்டைகளைத் தனித் தபாலில் திருப்பி அனுப்புகிறேன். மூன்று, எங்கள் பகுதியில் உங்கள் குரலை உண்மையில் கேட்டவர் ஒருவர்தான். தண்டனை எதுவானாலும் அது அவரைச் சேரக் கூடாது என்று கேட்டுக்கொள்கிறேன்.

தலைவர் கையெழுத்துப் போட்டார். டீச்சர் ஒரு சந்திப்பிழையைத் திருத்திவிட்டுப் போட்டார். மந்திரமூர்த்தி முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை இரண்டு முறை வாசித்தார். தன் பெயர் எங்காவது இருக்கிறதா என்றுதான் தேடுகிறார் என்று நினைத்தேன். "எங்கிட்ட ரேடியோ இல்லங்கிறதையும் சேத்துக்கோங்க," என்றார் கடைசியில். ஓரத்தில் அவரே எழுதிக் கையெழுத்திட்டார். அதற்கு என்ன காரணம் என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

தபால் நிலையம் திறக்க ஒன்பதரை ஆயிற்று. இசக்கிச்செல்வி பதினொரு மணிப் பஸ்ஸுக்கு நேரமிருக்கிறது என்று கூடவே வந்தாள். கவுண்டரை ஒட்டிய மேசையில் கடிதத்தை மூன்றாக மடித்து உறைக்குள் வைத்தேன். மூடுவதற்கு முன் அவளிடம் நீட்டினேன். அவள் முழுவதும் படித்தாள். "தேதி போட்டியளே, மணி போடலியே," என்றாள். சுவர்க் கடிகாரத்தையும் என் கைக்கடிகாரத்தையும் ஒப்பிட்டுப் பார்த்து 9.41 என்று எழுதினேன். உறையின் வாயில் பசை தடவி விரலால் இரண்டு முறை அழுத்தினேன். விரைவு அஞ்சல் கவுண்டரில் இருந்த பெண் எடை போட்டு, கோடுகள் அச்சிட்ட சீட்டை ஒட்டி, முத்திரை குத்திப் பின்னாலிருந்த சாக்குப்பைக்குள் போட்டாள்.