ஒருத்தரும் சுடேல்லை

சிவானுஜா வகுப்பறைக் கதவைப் பூட்டிவிட்டு, ஆசிரியர் மேசையைத் தள்ளிக்கொண்டுபோய் அதோடு சேர்த்து நிறுத்தினாள். ஒலிபெருக்கியில் அறிவித்தல் இன்னும் போய்க்கொண்டிருந்தது. மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள், சொல்லிக்கொடுத்திருந்தபடி, யன்னலால் பார்த்தால் தெரியாத சுவரோரமாகக் குந்தியிருந்தார்கள். ஒருத்தி சிரிப்பை அடக்க முடியாமல் தன் முழங்காலைக் கடித்தாள். சிவானுஜா திரைகளை இறக்கி, விளக்கை அணைத்துவிட்டு அவர்களோடு போய்த் தரையில் உட்கார்ந்தாள்.

துப்பாக்கியோடு ஒருவன் பள்ளிக்கூடத்துக்குள் நுழைந்துவிட்டால் என்ன செய்வது என்பதற்கான பயிற்சி அது. காலையில் இரண்டு பொலிஸ்காரர்கள் ஆசிரியர் அறைக்கு வந்து விளக்கியிருந்தார்கள். கதவை எவருக்கும் திறக்கக்கூடாது. தெரிந்த குரலாக இருந்தாலும் கூடாது. அந்தக் குரலின் முதுகில் துப்பாக்கி இருக்கிறதா என்று உங்களுக்குத் தெரியாது. நாங்கள் தட்டிப் பார்ப்போம், பெயர் சொல்லிக் கூப்பிடுவோம், நாங்களே திறப்புப் போட்டுத் திறக்கும்வரை அசையாதீர்கள். கைத்தொலைபேசிகளை எல்லாம் ஒரு கூடைக்குள் போடச் சொன்னார்கள்.

அப்பா ஆஸ்பத்திரியில் இருக்கிறார், தன்னுடையதை மட்டும் வைத்துக்கொள்ளலாமா என்று அவள் அதிபரைக் கேட்டாள். அதிபர் கனிவான மனிதர். உண்மையான நாளில் ஒரு தொலைபேசியின் வெளிச்சமே வகுப்பைக் காட்டிக்கொடுத்துவிடும் என்றார். ஒரு பாடநேரம்தானே, அவசரமென்றால் அலுவலகத்துக்கு எடுக்கட்டும் என்றார். அவள் அம்மாவுக்கு அலுவலக இலக்கத்தை அனுப்பிவிட்டுத் தொலைபேசியைக் கூடைக்குள் வைத்தாள்.

அப்பா உருத்திரமூர்த்தி, தான் இளைப்பாறும்வரை சமையற்கட்டில் வேலைசெய்த அதே ஆஸ்பத்திரியில் நுரையீரல் பழுதாகிக் கிடந்தார். இந்தக் கிழமையைத் தாண்டிவிடுவார் என்று டொக்டர் சொல்லியிருந்தார். முதல்நாள் பின்னேரம், பள்ளிக்கூடம் முடிய வாறன் என்று அவள் சொன்னபோது, “பிள்ளையளை விட்டிட்டு அவதிப்பட்டு ஓடி வராதை” என்றார் அவர். தன் மகள் சுவிஸ் பிள்ளைகளுக்கு ஜேர்மன் படிப்பிக்கிறாள் என்பதைத் தாதிமாருக்கெல்லாம் சொல்லி முடித்திருந்தார்.

நடைபாதையில் சப்பாத்துச் சத்தம் வந்தது. கதவின் கைப்பிடி கீழே இறங்கி, திரும்ப மேலே வந்தது. சத்தம் விலகிப் போனது. பிள்ளைகள் மூச்சை விட்டார்கள்.

பிறகு, கொஞ்ச நேரம் கழித்து, யாரோ வேகமாகத் தட்டினார்கள்.

“ஃப்ராவ் மூர்த்தி, நான் றெகுலா. கதவைத் திறவுங்கள்.”

றெகுலா அலுவலகத்தில் வேலை செய்பவள். அவளுடைய குரல்தான்.

“உங்கள் அம்மா லைனில் நிற்கிறார். அப்பாவுக்குக் கடுமையாம். திறவுங்கள்.”

சிவானுஜா எழும்பிவிட்டாள். லேயா என்ற சிறுமி அவளுடைய சுவெட்டரைப் பிடித்து இழுத்தாள்.

“வேண்டாம், பொய் சொல்கிறார்கள்” என்று அவள் கிசுகிசுத்தாள். “எங்களைச் சோதிக்கிறார்கள்.”

பிள்ளைகள் எல்லோரும் சிவானுஜாவையே பார்த்தார்கள். அப்பா வருத்தமாக ஆஸ்பத்திரியில் கிடப்பது ஆசிரியர் அறையில் எல்லோருக்கும் தெரியும். இந்தச் சோதனைக்குக்கூட அதை எடுத்துவிட்டார்களா? அவளுக்கு ஆத்திரம் வந்தது. ஆத்திரத்துக்குக் கீழே வேறொன்றும் இருந்தது. அவள் கை மேசையின் விளிம்பைப் பிடித்திருந்தது, தள்ளினால் நகரும். பின்னால் ஒரு பொடியன் சத்தம் வராமல் அழத் தொடங்கினான். சிவானுஜா கையை எடுத்தாள். திரும்பி வந்து அவனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, உதட்டில் விரலை வைத்தாள்.

தட்டுவது இன்னும் கொஞ்ச நேரம் கேட்டது. பிறகு நின்றுபோனது.

திறப்போடு பொலிஸ்காரர் வந்தபோது முகமெல்லாம் சிரிப்பு. இந்தக் கட்டடத்திலேயே இந்த வகுப்புத்தான் சரியாகச் செய்தது என்றார். பிள்ளைகள் தங்களுக்குத் தாங்களே கைதட்டினார்கள். அவருக்குப் பின்னால் றெகுலா நின்றாள். மற்றக் கட்டடத்தில் நின்ற பொலிஸ்காரரைத் தேடி ஓடிப்போய்க் கூட்டிவந்ததில் அவளுக்கு மூச்சு வாங்கியது. கண்கள் சிவந்திருந்தன. அந்த முகத்தைப் பார்த்ததும் சிவானுஜாவுக்கு விளங்கிவிட்டது.

ஆஸ்பத்திரி அறையில் அப்பாவின் தாடையை ஒரு துவாயால் கட்டியிருந்தார்கள். அம்மா கலாவதி கட்டிலுக்குப் பக்கத்தில் கதிரையில் இருந்தாள். அழவில்லை.

“வந்திட்டியோ.”

சிவானுஜா அப்பாவின் காலைத் தொட்டாள். குளிர்ந்திருந்தது.

“கடைசி மட்டும் உன்னைத்தான் கேட்டவர். வாறாள், வாறாள் எண்டு சொல்லிக்கொண்டிருந்தனான்.”

“அம்மா...”

“எங்கை நிண்டனீ?”

“வகுப்பிலைதான்.”

“அந்தப் பொம்பிளை ரெலிபோனைக் கையிலை வைச்சுக்கொண்டுதான் உன்ரை கதவைத் தட்டினவ. அவ தட்டுற சத்தம் எனக்கு இஞ்சை கேட்டது.” அம்மாவின் குரல் உயரவில்லை. “ஏன் திறக்கேல்லை?”

“கதவைப் பூட்டிப்போட்டு ஒளிச்சிருந்தனாங்கள் அம்மா. ஆரும் வந்து சுட்டா எப்பிடி இருக்கிறதெண்டு...”

“ஆர் சுட்டது?”

“ஒருத்தரும் சுடேல்லை.”

அம்மா அவளை நெடுநேரம் பார்த்தாள். ஊரில் ஷெல் விழுந்துகொண்டிருந்த ஒரு மத்தியானம் பங்கருக்குள்ளிருந்து ஏறி ஓடி, முற்றத்தில் விழுந்துகிடந்த தன் தகப்பனின் தலையை மடியில் எடுத்து வைத்திருந்தவள் அவள். அதை அவள் இப்போது சொல்லவில்லை. போர்வையின் மடிப்பை நீவிவிட்டாள்.

சுடலை மண்டபத்தில் நல்ல சனம். டீட்டிகோனிலிருந்து வந்த தம்பி லக்‌ஷன் கொள்ளி வைப்பதற்காக வேட்டியோடு நின்றான். தாய்மாமன் யோகராஜா வந்தவர்களுக்கெல்லாம் தணிந்த குரலில் சொல்லிக்கொண்டிருந்தார்.

“பள்ளிக்கூடத்துக்குள்ளை ஆரோ துவக்கோடை வந்திட்டானாம். பிள்ளை உயிரைக் குடுத்து அந்தச் சின்னனுகளைக் காப்பாத்திக்கொண்டு நிண்டிருக்கிறாள்.”

சிவானுஜா அவரை ஒரு பக்கமாகக் கூட்டிப்போனாள்.

“மாமா, ஒருத்தரும் வரேல்லை. அது சும்மா பயிற்சி.”

“தெரியும்” என்றார் யோகராஜா. “அதை ஏன் இந்தச் சனத்துக்குச் சொல்லோணும்? நாளைக்கு உன்னைத்தான் கதைப்பினம்.”

அதிபர் வெள்ளைப் பூங்கொத்தோடு வந்திருந்தார். அம்மாவுக்கு முன்னால் நின்று, தலையைக் குனிந்து, நிறுத்தி நிறுத்திக் கதைத்தார். தொலைபேசிக் கூடையைப் பற்றித் தான் எடுத்த முடிவை நினைக்காத இரவில்லை என்றார். ஆனாலும் உங்கள் மகள் அன்றைக்குப் பிள்ளைகளுக்குச் செய்தது மிகச் சரியான காரியம், அதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்றார். அம்மாவின் ஜேர்மன் அவ்வளவு தூரம் போகாது.

“என்னவாம்?”

சொல்லாமல் விட்டிருக்கலாம். அப்பாவைப் பற்றி ஏதோ நல்லதாகச் சொல்கிறார் என்று மாற்றியும் சொல்லியிருக்கலாம்.

“நான் கதவைத் திறக்காதது சரியாம்.”

அம்மா அதிபரின் முகத்தை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு கையை நீட்டினாள். “மெர்சி” என்று நன்றி சொன்னாள். அதே கையை அடுத்து நின்றவருக்கு நீட்டினாள்.

சாம்பல் எடுக்கிற நாள் லக்‌ஷனுக்கு லீவு கிடைக்கவில்லை. அம்மாவும் சிவானுஜாவும்தான் போனார்கள். கலசத்தை ஒரு துணிப்பைக்குள் வைத்துக் கொடுத்தார்கள். “தாங்கோ அம்மா, நான் தூக்கிறன்” என்று சிவானுஜா கேட்டாள். “வேண்டாம்” என்றாள் அம்மா. பஸ் தரிப்பு வரைக்கும் தானே தூக்கிக்கொண்டு நடந்தாள்.

ஓஸ்டர்முண்டிகன் போகிற பஸ்ஸில் அம்மா முன்னால் ஏறிப் போய் யன்னலோரம் உட்கார்ந்தாள். பையை மடியில் வைக்காமல், பக்கத்து இருக்கையில் வைத்தாள். சிவானுஜா வந்து பக்கத்தில் நின்றாள். அம்மா வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த தரிப்பில் ஆட்கள் ஏறினார்கள். கைத்தடியோடு வந்த ஒரு வெள்ளைக்காரக் கிழவர் பையைக் காட்டி, இந்த இடம் காலியா என்று கேட்டார்.

“நைன்” என்று ஜேர்மனில் இல்லையென்றாள் அம்மா.

கிழவர் தலையாட்டிவிட்டுப் பின்னால் போனார். பஸ் வளைவில் திரும்பியது. சிவானுஜா மேலே தொங்கிய பிடியை எட்டிப் பிடித்துக்கொண்டாள்.